சின்னாளப்பட்டி டாக்டரம்மா: சௌந்தரம் ராமச்சந்திரன் வரலாறு

1/
மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும்போது, சின்னாளப்பட்டி பக்கத்தில் "காந்திகிராமம்" என்ற பெயரைப் பார்த்திருப்பீங்க. சிலருக்கு அது படிச்ச பல்கலைக்கழகம். சிலருக்கு அங்கே இருக்கிற கஸ்தூர்பா மருத்துவமனைதான் பிறந்த இடம். அந்த ஊரையே உருவாக்கினவர்களில் ஒருவர் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசில் கல்யாணம், இளம் வயசில் விதவை, 32 வயசில் டாக்டர், 36 வயசில் மறுமணம், அப்புறம் எம்.எல்.ஏ., எம்.பி., மத்திய துணை அமைச்சர். பெயர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம். இன்றைய நீண்ட இழை அவரைப் பற்றி. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

2/
முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இது "தடைகளை உடைத்த புரட்சிப் பெண்" கதை இல்லை. அவர் எதையும் உடைத்த மாதிரியே வெளியில் தெரியாது. கதர் கட்டினார், பிரார்த்தனைக் கூட்டத்தில் உட்கார்ந்தார், பெரியவங்க சொன்னதைக் கேட்டார், காத்திருக்கச் சொன்னால் காத்திருந்தார். ஆனால் அவர் வாழ்க்கையில் நடந்து முடிந்ததைப் பட்டியல் போட்டுப் பார்த்தால், மேடையில் புரட்சி பேசியவர்கள் பலர் செய்யாதது அதில் இருக்கும். இது எப்படி சாத்தியமாச்சு? அதைத்தான் பார்க்கப் போறோம்.

3/
1904 ஆகஸ்ட் 18 பிறந்த நாள். அப்பா டி.வி. சுந்தரம் ஐயங்கார். ஆமாம், நம்ம மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தை உருவாக்கிய அதே சுந்தரம் ஐயங்கார்தான். திருக்குறுங்குடிக்காரர். 1911இல் நிறுவனம் தொடங்கி, 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டவர். டி.வி.எஸ். பஸ் வர்றதைப் பார்த்து கடிகாரத்தைச் சரி பண்ணிக்கலாம்னு மதுரைப் பெரியவங்க இன்னைக்கும் சொல்வாங்க. அம்மா லட்சுமி அம்மாள். தொழிலில் புதுமை, வீட்டில் வைதீகம். அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்கள் பலவும் அப்படித்தான் இருந்தன.

4/
வீட்டில் வைதீகம்னா, பெண்ணுக்குச் சின்ன வயசிலேயே கல்யாணம். சௌந்தரத்துக்கு 1918 வாக்கில் திருமணம் நடந்தது. பதின்பருவத்தின் ஆரம்பம். இதில் சட்டப்படி எந்தத் தப்பும் அன்னைக்குக் கிடையாது. பெண்ணின் திருமண வயசு குறைந்தது 14 என்று சொன்ன சாரதா சட்டமே 1929இல்தான் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரலில்.

மாப்பிள்ளை டாக்டர் சௌந்தரராஜன். பெயர்ப் பொருத்தம் அமைஞ்சிருக்கு பாருங்க. பேறுகாலமும் அடுப்படியும் என்று முடிந்திருக்க வேண்டிய ஒரு வாழ்க்கை, அவர் ஒரு டாக்டர் என்பதால் வேறு பக்கம் திரும்பியது.

5/
அது பிளேக் காலம். 1896இல் பம்பாய் துறைமுகத்தில் காலடி வைத்த நோய், அடுத்த பல ஆண்டுகள் இந்தியாவை விட்டுப் போகவே இல்லை. எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி, தெள்ளுப்பூச்சியிடமிருந்து மனிதன். தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டும், காய்ச்சல் கொதிக்கும். வைத்தியம் இல்லாவிட்டால் பத்தில் மூன்று முதல் ஆறு பேர் வரை போய்விடுவார்கள். அதுவே நுரையீரலுக்குப் போய்விட்டால் பிழைப்பது ரொம்ப அபூர்வம், இருமல் வழியாகப் பக்கத்தில் இருப்பவருக்கும் பரவும். பக்கத்தில் இருப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுக்காரர்களும் டாக்டரும்தான்.

6/
ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி 1897இல் பம்பாயிலேயே ஒரு தடுப்பூசி கண்டுபிடித்து, முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். ஆனால் நோய் வந்தபிறகு கொடுக்க மருந்து? ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். அதற்கு முன் பிளேக் வார்டுக்குள் போன டாக்டருக்குக் கையில் இருந்தது துணிச்சல் மட்டும்தான். 2020, 2021இல் கொரோனா வார்டுக்குப் போய்வந்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் பார்த்தவங்க நீங்க. உங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

டாக்டர் சௌந்தரராஜனும் அப்படித்தான் போனார். நோயாளிகளைப் பார்த்த இடத்தில் தொற்றிய பிளேக்கில் இறந்தார்.

7/
சாகும் தறுவாயில் அவர் மனைவியிடம் சொன்னதாகக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது இரண்டு விஷயம். ஒன்று, நீ மேலே படிக்கணும். இரண்டு, நீ மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கணும்.

நண்பர்களே, இதன் கனம் புரிய அன்றைய நிலைமை தெரிந்திருக்கணும். பல பிராமணக் குடும்பங்களில் விதவையின் தலையை மழிப்பார்கள். கலர் சேலை கிடையாது, நகை கிடையாது, ஒருவேளைச் சாப்பாடு, வீட்டின் பின்கட்டு. பத்து வயசுப் பெண்ணாக இருந்தாலும் இதே விதி. இந்து விதவைகள் மறுமணச் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருந்தது, வீட்டு வாசப்படி தாண்டி உள்ளே வரவில்லை.

8/
இங்கே ஒரு மருத்துவக் குறிப்பு. ஒருவேளைச் சாப்பாடு, சூரிய வெளிச்சம் படாத பின்கட்டு, பேச ஆள் இல்லாத தனிமை. இதை வருஷக்கணக்கில் ஒரு வளரும் பெண்ணுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? ரத்தசோகை, எலும்பு பலவீனம், மனச்சோர்வு. சாஸ்திரம்னு சொல்லிச் செய்தாலும் உடம்பு அதைப் பட்டினியாகத்தான் எடுத்துக்கும். "சாந்தமா இருக்கா"ன்னு ஊர் பாராட்டிய பல இளம் விதவைகள், டாக்டர் பார்வையில் சோர்ந்துபோன நோயாளிகள்.

9/
சௌந்தரத்துக்கு அந்தப் பின்கட்டு வாழ்க்கை அமையவில்லை. கணவரின் கடைசி வார்த்தை ஒரு பக்கம். அப்பா அதற்குக் கதவைச் சாத்தாதது இன்னொரு பக்கம். மகளைப் படிக்க அனுப்பினார். அதுவும் எங்கே? டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி. 1916இல் தொடங்கிய, பெண்களுக்கு மட்டுமேயான கல்லூரி. பெண் டாக்டரிடம் மட்டுமே உடம்பைக் காட்டும் பெண்கள் நாடு முழுக்க இருந்ததால் பிறந்த கல்லூரி அது.

மதுரையிலிருந்து டெல்லிக்கு நாள்கணக்கில் ரயில். பாஷை வேற, சாப்பாடு வேற, குளிர் வேற.

10/
அவர் டாக்டர் பட்டம் வாங்கியது 1936இல். வயசு 32. கூடப் படித்த பெண்களில் பலர் அவரைவிடப் பத்து வயசு சின்னவங்களாக இருந்திருப்பாங்க. அதே கல்லூரியில் படித்தவர்களில் ஒருவர் சுசீலா நய்யார். 1914இல் பிறந்தவர், பிற்காலத்தில் காந்தியின் மருத்துவர். அந்த நட்பு வழியாகத்தான் சௌந்தரம் காந்தியின் வட்டத்துக்குள் வருகிறார்.

இந்த ரெண்டு தோழிகளையும் ஞாபகம் வச்சுக்கோங்க. 1962இல் மறுபடி சந்திப்போம்.

11/
காந்தி வட்டத்தில் இன்னொருவரையும் சந்திக்கிறார். ஜி. ராமச்சந்திரன். கேரளத்து நெய்யாற்றின்கரைக்காரர், அவரும் 1904இல் பிறந்தவர், தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர். தமிழ்நாட்டில் தீண்டாமை ஒழிப்பு வேலை செய்துகொண்டிருந்தார். இருவருக்கும் விருப்பம் ஏற்பட்டது.

இப்போ சிக்கலை எண்ணுங்க. மணப்பெண் விதவை. மாப்பிள்ளை வேறு சாதி. வேறு மொழி. பெண் வீடு மதுரையின் மிகப் பெரிய வைதீகக் குடும்பங்களில் ஒன்று. வீட்டில் எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை.

12/
அன்றைய மதுரை எப்படி இருந்தது என்பதையும் பார்க்கணும். 1939 ஜூலை 8ஆம் தேதி, அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். ஊர் ரெண்டாப் பிரிஞ்சது. சனாதனிகள் கொதித்துப்போய், அம்மனே கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்றார்கள். அடுத்த ஆண்டு அதே ஊர்ப் பெரிய வீட்டுப் பெண், விதவை, சாதி மாறி மறுமணம் செய்யப் போகிறார் என்றால் என்ன பேச்சு கிளம்பியிருக்கும்? நீங்களே யோசிச்சுக்கோங்க.

13/
விஷயம் காந்தியிடம் போனது. அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ரெண்டு பேரும் ஒரு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் தள்ளி இருக்கணும். அதற்குப் பிறகும் இதே மனசு இருந்தால் நானே நடத்தி வைக்கிறேன். இருந்தார்கள். 1940இல் காந்தி முன்னிலையில் திருமணம் நடந்தது.

"36 வயசு, டாக்டர் பட்டம், சொந்தப் புத்தி. கல்யாணம் பண்ணிக்க இன்னொருத்தர்கிட்ட ஏன் அனுமதி கேட்கணும்?" இந்தக் கேள்வி வருதுல்ல? நியாயமான கேள்வி. எனக்கும் வருது.

14/
என் வாசிப்பு இது. காந்தி நடத்தி வைத்த கல்யாணத்தை மதுரையில் யார் வாய்விட்டுக் குறை சொல்ல முடியும்? அந்த ஒரு வருஷக் காத்திருப்பு, "ஏதோ ஆசையில் ஓடிப்போனாள்" என்று சொல்லவந்த வாய்களை அடைத்தது. எதிர்ப்பாளர்கள் மதிக்கும் மொழியிலேயே (தவம், கட்டுப்பாடு, பெரியவர் ஆசி) அவர்கள் ஏற்காத ஒரு காரியத்தை முடித்துக்கொண்டார். பழமையின் வாசல் வழியாகவே நடந்து வெளியே வந்தார்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கு. அடுத்த பதிவில் அதைச் சொல்லணும்.

15/
அவர் வாழ்க்கையில் இதுவரை திறந்த கதவுகளை எண்ணிப் பாருங்க. படின்னு சொன்ன கணவர். பணமும் மனசும் இருந்த அப்பா. கல்யாணத்தை நடத்தி வைத்த காந்தி. மூன்றுமே நல்ல ஆண்கள் திறந்த கதவுகள். அவருடைய திறமை, உழைப்பு எல்லாம் உண்மை. ஆனால் அதே திறமையோடு, படிக்காதேன்னு சொன்ன கணவனும், காசில்லாத அப்பாவும் வாய்த்த ஒரு பெண் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருந்திருப்பாளே, அவளுக்கு?

அவளுக்கு ஒன்றும் நடந்திருக்காது. பெயர்கூட நமக்குத் தெரியாது.

சௌந்தரத்தின் மீதி வாழ்க்கையை நான் இந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் படிக்கிறேன். தனக்கு அதிர்ஷ்டத்தால் கிடைத்ததை, மற்றவர்களுக்கு ஏற்பாடாகக் கிடைக்கச் செய்வது.

16/
1944 பிப்ரவரி 22. பூனாவில் ஆகா கான் மாளிகைச் சிறையில் கஸ்தூர்பா இறந்தார். அவர் நினைவாக நாடு முழுக்க நிதி திரட்டினார்கள். அந்தப் பணம் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் என்று காந்தி தெளிவாகச் சொன்னார். கஸ்தூர்பா அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பு வந்து சேர்ந்தது டாக்டர் சௌந்தரத்திடம்.

மதுரையிலோ சென்னையிலோ பெரிய கிளினிக் வைத்து உட்கார்ந்திருக்கலாம். அப்பா பெயர் போதும், கூட்டம் அள்ளும். அவர் போனது சுங்குடிச் சேலை நெய்யும் சின்னாளப்பட்டிக்கு. இரண்டு படுக்கை. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

17/
1947 அக்டோபர் 7, சுதந்திரம் வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம் தொடங்கப்பட்டது, கணவர் ராமச்சந்திரனோடு சேர்ந்து. அன்றைக்கு ஒரு இந்தியரின் சராசரி ஆயுள் 32 வருஷம் அளவில்தான் இருந்தது. பிரசவம் என்றால் வீட்டில், மருத்துவச்சி கையில். ரத்தப்போக்கு, பிரசவத்துக்குப் பின் காய்ச்சல், வலிப்பு, குழந்தை குறுக்கே நின்று வெளியே வராமல் போவது. தாய்மார்களைக் கொன்றது பெரும்பாலும் இந்த நாலு விஷயம்தான். நாலுமே முன்கூட்டியே கவனித்தாலோ, நேரத்துக்குக் கொண்டுவந்தாலோ பெருமளவு தவிர்க்கக்கூடியவை.

18/
"முன்கூட்டியே கவனிப்பது" யார் வேலை? ஒரு டாக்டர் எத்தனை ஊருக்கு ஓடுவார்? அதனால் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி. கிராம சேவிகைகள், பேறுகாலம் பார்க்கும் செவிலியர்கள். இந்தப் பயிற்சிக்கு வந்தவர்களில் விதவைகளும், கணவரால் கைவிடப்பட்ட பெண்களும் இருந்தார்கள். ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லமும் அதே வளாகத்தில்.

இப்போ 7ஆவது பதிவுக்குப் போய் "பின்கட்டு" என்ற வார்த்தையை மறுபடி படிங்க. அந்தப் பின்கட்டில் முடிந்திருக்க வேண்டிய ஒரு பெண், கையில் பையோடு, கிராமத்து வீதியில் நடந்து போகிறாள். "நர்ஸம்மா வந்துட்டாங்க"ன்னு ஊர் எழுந்து நிற்குது. சம்பளம் உண்டு, மரியாதை உண்டு. எந்த நல்ல ஆணின் கருணையும் தேவையில்லை.

19/
1950களின் இறுதியில் அதே காந்திகிராமம், ஆத்தூர் ஒன்றியத்துக் கிராமங்களில் சுகாதாரத்தையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் வீடு வீடாகக் கொண்டுபோகும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த பத்து ஆண்டுகளில் அங்கே பிறப்பு விகிதம் நன்றாகக் குறைந்தது. "ஆத்தூர் அனுபவம்" என்ற பெயரில் பொதுசுகாதார உலகம் அதை எடுத்துப் படித்தது. கட்டாயப்படுத்தாமல், ஊர்த் தலைவர்களையும் ஊர்ப் பெண்களையும் வைத்தே பேசிப் பேசிச் செய்தார்கள். மெதுவான வழிதான். ஆனால் நிற்கிற வழி.

20/
சரி, அரசியலுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சின்ன வெளிநாட்டுப் பயணம். காரணம் இருக்கு.

பழமை பேசும் முகாமிலிருந்து பெண்கள் அரசியலுக்கு எப்படி வந்தார்கள் என்பதற்கு ஜெர்மனி நல்ல உதாரணம். அங்கே பெண்கள் முதல்முறையாக தேசிய அளவில் ஓட்டுப் போட்டது 1919 ஜனவரி 19. அதுவரை "பெண்ணுக்கு எதுக்கு ஓட்டு" என்று கேட்டிருந்த பழமைவாத அணி, ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி என்று புதுப் பெயரோடு நின்றது. பெண் ஓட்டு வேண்டுமே? பெண் வேட்பாளர்களையும் நிறுத்தியது.

21/
அப்படி உள்ளே போனவர் மார்கரெட்டே பேம். பள்ளி ஆசிரியை. வீட்டிலிருந்தே கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஏழைப் பெண்களுக்காகச் சங்கம் கட்டியவர். இன்னொருவர் அன்னா ஃபோன் கியர்க்கெ. குழந்தைகள் இல்லம் நடத்தியவர், சமூகப்பணி பயிற்றுவித்தவர். ரெண்டு பேரும் வந்தது ஒரே வாசல் வழியாக: சேவை. பழமை பேசும் வீடு ஒரு பெண்ணை வெளியே விடுவதாக இருந்தால், ஆசிரியை, நர்ஸ், டாக்டர், ஆதரவற்றோர் இல்லம், இந்த வாசல் வழியாகத்தான் முதலில் விடும். பெர்லின் ஆனாலும் மதுரை ஆனாலும்.

ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்க. 1920 தேர்தலில் கியர்க்கெவுக்குக் கட்சி மறுபடி இடம் தரவில்லை. காரணம், அவர் அம்மா யூத வம்சாவளி. திறந்துவிட்டவர்களே சாத்திவிட்டார்கள். அவர் தன் இல்லத்துக்கே திரும்பினார். 1933இல் நாஜி ஆட்சி வந்து அங்கிருந்தும் அவரை வெளியேற்றியது.

22/
இதை எதுக்குச் சொல்றேன்னா, சேவை என்ற வாசல் வழியாக உள்ளே வந்த பெண்ணின் பலமும் பலவீனமும் இதில் தெரியுது. சாவி பெரும்பாலும் வேறு யாரோ கையில் இருக்கும்.

சௌந்தரம் அம்மாவைப் "பழமைவாதி"ன்னு சொல்லலாமா? முழுசாப் பொருந்தாது. அவர் காங்கிரஸ்காரர், காந்தியவாதி, சாதி மறுப்பு மணம் செய்தவர். ஆனால் நடையில் பழமை இருந்தது. கடவுள் நம்பிக்கை, எளிமை, கிராமம், மோதலுக்குப் பதில் மனமாற்றம். கூச்சல் இல்லாத அரசியல். இந்த நடையோடுதான் அவர் 1952இல் தேர்தலில் நின்றார்.

23/
1952: சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். ஆத்தூர் தொகுதியில் ஜெயித்து சென்னை மாகாணச் சட்டமன்றம் போனார்.
1957: வேடசந்தூரில் ஜெயித்தார்.
1962: திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் ஜெயித்து டெல்லி போனார்.

மூன்று தொகுதியும் காந்திகிராமத்தைச் சுற்றி இருப்பவை. அன்றைக்கு இது எல்லாமே மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15இல். அவர் ஆயுள் முழுக்க அவர் மதுரை மாவட்டத்து டாக்டரம்மாதான்.

24/
1962இல் நேரு அமைச்சரவையில் கல்வித் துறைத் துணை அமைச்சர். அதே ஆண்டு பத்மபூஷண். அதே 1962இல் மத்திய சுகாதார அமைச்சரானவர் யார் தெரியுமா? சுசீலா நய்யார்! லேடி ஹார்டிங்கில் ஒன்றாக இருந்த ரெண்டு பெண்கள், ஒரே நேரத்தில் மத்திய அரசில், ஒருவர் சுகாதாரம், ஒருவர் கல்வி. பெண்களுக்குன்னு ஒரு கல்லூரி எதுக்குன்னு கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

25/
இங்கே ஒரு உண்மை சரிபார்ப்பு. இணையத்தில் சுற்றும் பல கட்டுரைகளில் "நாடு முழுக்கக் கட்டாய இலவச ஆரம்பக் கல்வியைக் கொண்டுவந்தவர் சௌந்தரம்" என்றும், "என்.எஸ்.எஸ். தொடங்கியவர்" என்றும் இருக்கும். ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி யோசிங்க. நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது 1969 செப்டம்பர் 24. அப்போது அவர் அமைச்சரே இல்லை. கல்வி அடிப்படை உரிமையானது 2002இல், அதற்கான சட்டம் 2009இல்.

கல்வித் துறையில் அவர் வேலை செய்தது உண்மை. ஆனால் செய்யாததைச் சேர்த்து ஒருவரைப் பெரிதாக்கத் தேவையில்லை. செய்ததே போதும், நிறைய இருக்கு. பொய்யான பெருமை, உண்மையான வேலையையும் சந்தேகப்பட வைக்கும்.

26/
1967. அரிசித் தட்டுப்பாடு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. தி.மு.க. போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளிலும் ஜெயித்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். திண்டுக்கல்லில் டாக்டர் சௌந்தரத்தைத் தோற்கடித்தவர் தி.மு.க.வின் என். அன்புச்செழியன்.

அவர் பிரசவம் பார்த்த, அவர் பயிற்சி கொடுத்த நர்ஸ் கால் படாத வீடு குறைவான ஒரு பகுதியில் அவர் தோற்றார். மக்கள் நன்றி மறந்துட்டாங்களா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஓட்டு என்பது நன்றிக்கடன் இல்லை. அரிசிக்கும் மொழிக்கும் அந்த வருஷம் அவர் கட்சியிடம் பதில் இல்லை. மக்கள் அதற்குத் தீர்ப்பு சொன்னார்கள். மெதுவான, கூச்சலில்லாத அரசியலின் எல்லை அது.

27/
ஆனால் அடுத்த நாள் காலை என்ன ஆனது என்று பாருங்க. கஸ்தூர்பா ஆஸ்பத்திரி வழக்கம்போலத் திறந்தது. பயிற்சி மையத்துக்குப் பெண்கள் வந்தார்கள். பிரசவ வார்டில் குழந்தை அழுதது. ஆட்சி மாறியது, எம்.பி. மாறினார், அந்தக் கதவு மட்டும் சாத்தவில்லை. ஜெர்மனியில் கியர்க்கெவுக்கு நடந்தது இங்கே நடக்கவில்லை. பதவி மக்கள் கொடுத்தது, மக்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏற்பாடு ஊருக்குள் வேர் விட்டிருந்தது.

காந்திகிராமத்தின் கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இரண்டு படுக்கை ஆஸ்பத்திரி, நூற்றுக்கணக்கான படுக்கைகளோடு வளர்ந்தது. 1984 அக்டோபர் 21இல் அவர் இறந்தார். 2005இல் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

28/
"நல்ல கதை டாக்டர், ஆனா இதெல்லாம் பழசு" என்று நினைக்கிறவங்களுக்கு ஒரு எண். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயசுக்கு முன்பே கல்யாணமானவர்கள். எட்டுப் பேரில் ஒருத்தி. சாரதா சட்டத்துக்குத் தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகு!

மதுரையைச் சுற்றி வேலை பார்க்கிற எந்த மருத்துவரும் இதைப் பார்த்திருப்பார். கர்ப்பிணி அட்டையில் வயசு 19னு எழுதியிருக்கும். முகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடம் தெரியும். பதினாறு வயசு இடுப்பெலும்பு பிரசவத்துக்கு முழுசாத் தயாராக இருக்காது. ரத்தசோகை, ரத்த அழுத்தம், குறைமாசப் பிரசவம், எல்லா ஆபத்தும் கூடும். உடம்புக்குக் கௌரவமும் தெரியாது, ஜாதகமும் தெரியாது.

29/
இன்னொன்று. கணவரை இழந்த பெண்ணுக்குத் தலை மழிப்பது போயிடுச்சு. ஆனால் வளைகாப்பில் ஓரமாக உட்காரச் சொல்வது போச்சா? சொந்த மகள் கல்யாணத்தில் தாலித்தட்டைத் தொடவிடாமல் தள்ளி நிற்க வைப்பது போச்சா? சுகரும் பிரசரும் வந்த நாற்பது வயசு அம்மா, "எனக்கு எதுக்கு சார் இனிமே மருந்து"ன்னு சொல்றப்போ, அந்தப் பழைய பின்கட்டு இன்னும் இடிக்கப்படலைன்னு எனக்குத் தோணும். செங்கல் மட்டும்தான் போயிருக்கு.

30/
அதனால் இந்த இழையிலிருந்து நீங்க எடுத்துக்கொள்ள ஒரே ஒரு விஷயம். உங்கள் வீட்டில், தெருவில், இளம் வயசில் கணவரை இழந்த பெண் இருக்காங்களா? "பாவம்"னு சொல்வதோடு நிறுத்தாதீங்க. விட்ட படிப்பைத் தொடர முடியுமா? செவிலியர் பயிற்சி, ஆசிரியப் பயிற்சி, கம்ப்யூட்டர், தையல், ஏதாவது ஒன்றுக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுங்க. மறுமணம் பற்றி அவங்க பேச விரும்பினால், முகம் சுளிக்காமல் உட்கார்ந்து கேளுங்க. பிளேக்கில் செத்துக்கொண்டிருந்த ஒரு இளம் டாக்டர், நூறு வருஷம் முன்னாடி, தன் மனைவிக்கு ஆசைப்பட்டது இந்த ரெண்டைத்தான்.

அவர் மனைவி கட்டியதில்தான் அவரும் இருக்கிறார்.

காந்திகிராமத்தில் படித்தவங்க, கஸ்தூர்பா ஆஸ்பத்திரியில் பிறந்தவங்க, சௌந்தரம் அம்மாவை நேரில் பார்த்த பெரியவங்க வீட்டில் இருந்தால் அவங்க நினைவுகளைக் கேட்டு எழுதுங்க. அதெல்லாம் பதிவாகணும்.